சோறு உண்டு, படுக்க இடம் உண்டா?

1896-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 30. வீட்டில் வாய்விட்டுச் சொல்லாமல் மதுரையிலிருந்து ரயிலேறிவிட்ட பதினாறு வயதுப் பையன் ஒருவன், கையிலிருந்த சில்லறைக்கு மாம்பழப்பட்டு வரைக்கும்தான் டிக்கெட் வாங்க முடிந்தது என்பதால் மீதி வழியை நடந்தே கடக்கத் தொடங்கினான். பத்து மைல் நடந்து அறையணிநல்லூர் கோயிலை எட்டியபோது பொழுது சாய்ந்துவிட்டது. ராத்திரி இங்கேயே தங்கிக்கொள்ளட்டுமா என்று கேட்டான். நடை சாத்த வேண்டும், உள்ளே யாரும் தங்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அர்ச்சகர்களோடு திருக்கோவலூர் கீழூர் வீரட்டேசுவரர் கோயிலுக்குப் போனான். அங்கும் தங்க இடமில்லை. கோயில் மேளக்காரர் மட்டும் மனமிரங்கித் தன் பங்குச் சோற்றை அவனுக்குக் கொடுக்கச் சொன்னார். சோற்றை ஏந்திக்கொண்டு தண்ணீருக்காகப் போன பையன் களைப்பில் நினைவு தப்பி விழுந்தான். எழுந்து, சிதறிய சோற்றைத் திரட்டிச் சாப்பிட்டுவிட்டு வெறுந்தரையில் படுத்தான். செப்டம்பர் 1 காலையில் திருவண்ணாமலை வந்து சேர்ந்த அவனைத்தான் பிற்பாடு உலகம் ரமண மகரிஷி என்று அழைத்தது.

ஏறக்குறைய 130 ஆண்டுகள் ஆகிவிட்டன. திருவண்ணாமலையை நோக்கி நடப்பவருக்கு இன்று சோற்றுக்குப் பஞ்சமே இல்லை. தீபத்துக்கும் பௌர்ணமிக்கும் வழிநெடுகச் சாம்பார் சாதம், தயிர் சாதம், சுண்டல், சூடான பால் என்று கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கொடுக்கிறார்கள். வேண்டாம் என்றால் வருத்தப்படுகிறார்கள். வீங்கிய காலுக்குத் தைலம் தேய்த்துவிடக்கூட ஆள் கிடைக்கும். ஆனால் இரவு பதினொரு மணிக்கு, “கொஞ்ச நேரம் முதுகை நீட்டிக்கிறோமே” என்று கேட்டால் கிடைக்கிற பதில் மட்டும் மாறவில்லை. கதவு சாத்தணும்.

வேலூர், போளூர் சாலை வழியாக வருகிறவர்கள் நகருக்குள் நுழையுமுன் வேங்கிக்காலைக் கடந்தாக வேண்டும். மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இங்கேதான் இருக்கிறது. திருவிழா எப்படி நடக்க வேண்டும், எந்த வண்டி எங்கே நிற்க வேண்டும், குடிநீர்த் தொட்டி எங்கே வைக்க வேண்டும் என்பதெல்லாம் இந்த வளாகத்தில்தான் முடிவாகிறது. அதே சாலையோரத்தில், மூடிய கடைகளின் ஷட்டருக்கு முன்னால், பஸ் ஸ்டாப்பில், லாரி நிற்கும் மண்தரையில், துண்டை விரித்துத் தோள்பையைத் தலைக்கு வைத்து நடைக்காரர்கள் படுத்துக் கிடப்பார்கள். லாட்ஜுகள் இல்லாமல் இல்லை. பௌர்ணமி வந்தால் அவற்றின் வாடகை எங்கே போய் நிற்கும் என்பது ஊருக்கே தெரியும். மேலும் அவை காரில் வந்து இறங்குகிறவருக்கானவை. காவி வேட்டியும் கொப்புளம் வெடித்த காலுமாக அதிகாலை இரண்டு மணிக்கு வந்து, மூன்று மணிநேரம் படுத்துவிட்டுக் கிளம்பப்போகும் இருபது பேருக்கு யார் அறை திறப்பார்கள்?

இது வசதிக் குறைவு பற்றிய புலம்பல் என்று சிலருக்குத் தோன்றலாம். விரதம் இருந்து நடப்பவன் மெத்தை கேட்கலாமா என்பார்கள். அதிலும் திருவண்ணாமலை, தூங்காமல் இருப்பதையே புண்ணியமாக்கிய ஊர். சிவபெருமான் அடிமுடி காணா ஜோதியாக நின்றது இங்கேதான், சிவராத்திரி பிறந்ததே இங்கேதான் என்பது தலபுராணம். கண்விழிப்பது விரதமென்றால் கண்மூடுவது குறை என்று ஒரு கணக்கு நம் மனத்தில் எப்படியோ பதிந்துவிட்டது. பாதயாத்திரைக் குழுக்களில் “ராத்திரி பூரா நடந்தோம், ஒரு பொட்டுத் தூக்கமில்லை” என்று சொல்வதில் ஒரு பெருமை இருக்கிறது. “நல்லா தூங்கி எழுந்து நடந்தோம்” என்று யாரும் மார்தட்டிச் சொல்வதில்லை.

ஓரிரவு கிரிவலத்துக்கு இந்தக் கணக்கு பெரிதாகத் தப்பில்லை. 14 கிலோமீட்டர், அஷ்டலிங்கங்களில் நின்று கும்பிட்டு நடந்தாலும் நான்கைந்து மணி நேரம். ஆரோக்கியமான உடம்பு அதைத் தாங்கும். சிக்கல் வலம் முடிந்தபிறகு ஆரம்பிக்கிறது. வேனிலோ காரிலோ வந்தவர்கள், ஓட்டுநரும் சேர்ந்து மலையைச் சுற்றிவிட்டு, விடியற்காலை மூன்று மணிக்கு வண்டியைக் கிளப்புகிறார்கள். காலை ஆறு மணிக்கு எழுந்த ஒருவர் இரவு பதினொரு மணிவரை விழித்திருந்தாலே 17 மணி நேரம் ஆகிவிடும். அப்படி 17 மணி நேரம் விழித்திருந்தவரின் கைவேகமும் கவனமும், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது உள்ளவரின் அளவுக்கு இறங்கிவிடுகின்றன என்று ஆஸ்திரேலியாவின் டாசன், ரீட் என்ற இரு ஆய்வாளர்கள் 1997-இல் ‘நேச்சர்’ இதழில் காட்டினார்கள். இந்தியச் சட்டப்படி வண்டியோட்டுவதற்கான உச்சவரம்பு 0.03 சதவீதம். ஊதச் சொல்லும் கருவியில் இந்தத் தூக்கக் கலக்கம் மாட்டாது. விபூதி பூசிய நெற்றியோடு, பக்தியோடு, அந்த வரம்பைத் தாண்டிய மந்தத்தில் ஓட்டுநர் ஸ்டியரிங் பிடித்திருப்பார்.

நெடுஞ்சாலைகளில் நள்ளிரவுக்குமேல் வண்டிகளை நிறுத்தி, ஓட்டுநரை முகம் கழுவ வைத்து, டீ கொடுத்து அனுப்பும் வழக்கம் தமிழகக் காவல்துறையிடம் உண்டு. நல்ல மனதோடு செய்கிறார்கள். ஆனால் குளிர்ந்த தண்ணீர் தரும் விழிப்பு சீக்கிரமே கலைந்துவிடும். பிரிட்டனில் ஹார்ன், ரெய்னர் இருவரும் 1990-களில் நடத்திய சோதனைகளில் உண்மையில் பலன் கொடுத்தவை இரண்டு: ஒரு காபி, பதினைந்து நிமிடக் குட்டித்தூக்கம். இரண்டும் சேர்ந்தால் இன்னும் நல்லது. காபியைக் குடித்துவிட்டு உடனே கண்ணை மூடினால், அது வேலை செய்ய ஆரம்பிக்கும் நேரத்துக்கு எழுந்துவிடலாம். அந்தப் பதினைந்து நிமிடத்துக்கும் வண்டியை நிறுத்த ஓர் இடம், சீட்டைச் சாய்க்க ஓர் அமைதி வேண்டுமே. கிரிவல இரவுகளில் நகரத்துக்கு வெளியே போடும் தற்காலிக வண்டி நிறுத்தங்களில் ஓட்டுநர் தூங்குவதற்கென்று ஒரு மூலையை, விளக்கணைத்து, ஒலிபெருக்கி எட்டாமல் ஒதுக்குவதற்கு எத்தனை லட்சம் செலவாகிவிடும்?

பல நாள் நடப்பவர்களின் கதை வேறு. தைப்பூசத்துக்குப் பழனி, ஆவணியில் வேளாங்கண்ணி, கார்த்திகையில் சபரிமலை, தீபத்துக்கு அண்ணாமலை. ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது கிலோமீட்டர் என்று ஒரு வாரம் நடக்கிறவருக்குத் தூக்கம் அரிசி, தண்ணீர்போல வழிச்செலவுப் பொருள். தசைநார்களில் ஏற்படும் நுண்ணிய கிழிசல்களை உடம்பு சரிசெய்துகொள்ள உறக்கம் வேண்டும். முதல் நாள் தூக்கம் கெட்டால் இரண்டாம் நாள் கால் இழுக்கும். மூன்றாம் நாள் நடை தள்ளாடும். தள்ளாடும் நடை வெள்ளைக்கோட்டைத் தாண்டிச் சாலைக்குள் போகும். பாதயாத்திரைக்காரர்கள் மீது வாகனம் மோதிய செய்தி ஒவ்வொரு தை மாதமும் வருவதற்கு வண்டிக்காரர்களின் வேகம் முதல் காரணம், அதில் சந்தேகமில்லை. பின்னிரவு இரண்டு முதல் ஐந்து மணிவரை, மனித உடம்பின் விழிப்பு அடிமட்டத்துக்குப் போகும் நேரத்தில், வண்டியோட்டுபவரும் நடப்பவரும் ஒரே இருட்டில் அரைத்தூக்கமாக எதிர்ப்படுவது இரண்டாம் காரணம். முதலாவதைப் பற்றி மட்டுமே பேசுகிறோம். ஒளிரும் பட்டை ஒட்டிவிடுகிறோம். ஒட்டியவர் தூங்கி எத்தனை நாளாயிற்று என்று கேட்பதில்லை.

புது இடத்தில் தூக்கம் வராது என்று பாட்டிகள் சொல்வார்கள். அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் மசாக்கோ டமாக்கியும் யூக்கா சசாக்கியும் 2016-இல் வெளியிட்ட ஆய்வு அதற்கு மூளைக்குள்ளேயே காரணம் கண்டுபிடித்தது. அறிமுகமில்லாத இடத்தில் முதலிரவு படுக்கும்போது மூளையின் ஒரு பாதி மற்றதைப்போல ஆழ்ந்து உறங்குவதில்லை, காவல் காக்கிறது. மெல்லிய சத்தத்துக்கும் அது எழுப்பிவிட்டுவிடும். வீட்டுக்கு வந்த விருந்தாளிக்கு இது ஒரு ராத்திரி தொல்லை. பாதயாத்திரைக்காரருக்கோ தினம் ஒரு புது ஊர், தினம் ஒரு முதலிரவு. இதற்கு முழுத் தீர்வு இல்லாவிட்டாலும், அனுபவசாலியான குருசாமிகள் காரணம் தெரியாமலே ஒரு கைமருந்து வைத்திருக்கிறார்கள். எந்த ஊரில் படுத்தாலும் குழுவில் யாருக்குப் பக்கத்தில் யார் என்ற வரிசை மாறாது. அதே ஜமுக்காளம், அதே தலைமாட்டுப் பை, படுக்குமுன் அதே சரணம். இடம்தான் புதிது, சுற்றம் பழசு. பாதி மூளையைச் சமாதானப்படுத்த அதுவும் ஒரு வழி.

குருசாமிகளின் இன்னொரு வழக்கத்துக்கும் ஆய்வகம் சாட்சி சொல்கிறது. இரவில் தங்கியதும் வெந்நீரில் கல்லுப்புப் போட்டுக் காலை நனைக்கச் சொல்வார்கள். வலி போகும் என்பதற்காகச் சொல்கிறார்கள். பாதத்தில் ரத்த ஓட்டம் கூடினால் உடம்பின் உள்வெப்பம் அதன் வழியாக வெளியேறும். உள்வெப்பம் இறங்கினால் தூக்கம் வரும். பாதம் கதகதப்பாக இருப்பவர் சீக்கிரம் உறங்குகிறார் என்று சுவிட்சர்லாந்தின் பாசல் நகர ஆய்வாளர்கள் 1999-இல் எழுதினார்கள். காலைத் துடைத்து, கொப்புளத்தைச் சுத்தமாகக் கட்டி, நாள் முழுதும் நடந்த சாக்ஸைக் கழற்றி எறிந்துவிட்டு உலர்ந்த சாக்ஸ் ஒன்றைப் போட்டுக்கொண்டு படுத்தால் வெந்நீர் செய்த வேலை நிலைக்கும். கூடுதலாக ஒரு ஜோடி சாக்ஸ். பையில் அதற்கு இடம் இல்லாமலா போகும்?

பையில் வேறொரு தப்பும் நடக்கிறது. கார்த்திகைப் பனிக்குப் பயந்து மேலே போர்த்த இரண்டு போர்வை எடுத்து வருபவர், கீழே விரிக்க ஒரு துண்டுதான் வைத்திருப்பார். ஈரமான சிமெண்டுத் தரையும் மண்ணும் உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். நடுராத்திரி மூன்று மணிக்கு நடுங்கி எழுவது அதனால்தான். இமயமலையில் ஏறுகிறவர்கள் விலையுயர்ந்த உறக்கப்பையோடு கீழே போட ஒரு தடித்த விரிப்பையும் மறக்காமல் சுமப்பார்கள். நமக்கு அவ்வளவு தேவையில்லை. ஒரு கோரைப்பாய், அதன் அடியில் பிரித்த அட்டைப்பெட்டி, ஈரத்துக்கு ஒரு தார்ப்பாய் இருந்தால் திருவண்ணாமலைக் குளிருக்குப் போதும். இந்த விரிப்பு இல்லாததால் சிலர் செய்வதுதான் பயங்கரம். பகல் வெயிலில் காய்ந்த தார்ச்சாலை இரவிலும் சூடு வைத்திருக்கும் என்று சாலையோரத் தாரிலேயே படுக்கிறார்கள். நிற்கிற லாரிக்குப் பின்னால் காற்று அடிக்காது என்று அங்கே படுக்கிறார்கள். லாரி பின்னால் வந்தால் ஓட்டுநருக்குத் தெரியவா போகிறது?

சாப்பாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை; அன்னதானக்காரர்கள் கோபிக்கக் கூடாது. இரவு பத்தரைக்கு இலை நிறையப் புளிசாதத்தைச் சாப்பிட்டு அப்படியே சாய்ந்தால் நெஞ்செரிச்சல் தூங்க விடாது. பதினொரு மணிக்கு “சாமி, ஒரு டீ” என்று நீட்டுவதும் அன்புதான். படுப்பதற்கு ஆறு மணி நேரம் முன்னால் உட்கொண்ட காஃபீன்கூட ஒரு மணி நேரத்துக்கும் மேல் தூக்கத்தைத் தின்றுவிடுகிறது என்று 2013-இல் அமெரிக்க ஆய்வொன்று அளந்து சொன்னது. அதில் கொடுத்த அளவு நம் டீ கிளாஸைவிட மிகக் கூடுதல் என்றாலும், வழியில் நாலு பந்தலில் நாலு டீ என்றால் கணக்கு ஏறிக்கொண்டே போகும். இரவு எட்டு மணிக்குமேல் பந்தல்களில் டீக்குப் பதிலாகச் சுக்கு மல்லி கொடுத்தால் நடப்பவர் வாழ்த்துவார்.

பெண்களின் நிலைமை தனியாகவே பேச வேண்டியது. கழிப்பறை எங்கே வரும் என்று தெரியாததால் மாலைக்குமேல் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள். நாள் முழுதும் வியர்த்த உடம்பில் நீர் குறைந்தால் நடுராத்திரியில் கெண்டைக்காலைப் பிடித்து இழுக்கும் வலியும் சேர்ந்துகொள்கிறது. வெட்டவெளியில் படுத்தால் பாதித் தூக்கம் காவலுக்கே போய்விடும். குழுக்களில் பெண்களையும் பிள்ளைகளையும் நடுவில் படுக்க வைத்து ஆண்கள் சுற்றிப் படுப்பது பழைய ஏற்பாடு, நல்ல ஏற்பாடு. ஆனால் இருட்டில் எழுந்து கழிப்பறைக்குப் போக அந்த வளையத்தைத் தாண்டிப் போக வேண்டும். பலர் விடியும்வரை அடக்கிக்கொண்டு படுத்திருப்பார்கள். அதைத் தூக்கம் என்று எப்படிச் சொல்வது?

தரையில் படுப்பவருக்குக் கட்டுவிரியன் பயமும் உண்டு. கட்டுவிரியன் இரவில் நடமாடும் பாம்பு. தூங்குகிறவரைக் கடித்தால் பெரும்பாலும் வலி தெரியாது, தடம்கூடச் சரியாகத் தெரியாது. விடியும்போது இமை கனத்து, வயிறு வலித்து, பேச்சுக் குழறும்போதுதான் விஷயம் புரியும். கொசுவலைக்குள் உறங்குகிறவர்களுக்குப் பாம்புக்கடி வெகுவாகக் குறைகிறது என்று தென்கிழக்கு நேபாளத்தில் நடந்த ஆய்வு சொல்கிறது. வலையின் ஓரத்தைப் பாய்க்கு அடியில் செருகிவிட்டால் கொசு, பூரான், பாம்பு மூன்றுக்கும் ஒரே தடுப்பு. நூறு பேருக்கு நூறு வலை கட்ட மரம் ஏது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதனால்தான் கதவும் தரையும் உள்ள கட்டடம் வேண்டும் என்கிறோம்.

நடைப்பயணத்தில் உறக்கத்தை ஒழுங்காகத் திட்டமிட முடியாது என்று சொல்பவர்கள் மகாராஷ்டிரத்தைப் பார்க்க வேண்டும். ஆளந்தியிலிருந்து ஞானேசுவரரின் பல்லக்கும் தேஹுவிலிருந்து துக்காராமின் பல்லக்கும் ஆஷாட ஏகாதசிக்குப் பண்டரிபுரம் போகின்றன. ஏறத்தாழ மூன்று வாரம், லட்சக்கணக்கான கால்கள். எந்த நாள் எந்த ஊரில் இரவுத் தங்கல் என்று பஞ்சாங்கம்போல முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள்: ஞானேசுவரர் பல்லக்குக்குச் சாஸ்வட், ஜேஜுரி, லோணந்த், பல்டண் என்று வரிசை. நடப்பது பகலில். ‘திண்டி’ என்ற குழு ஒவ்வொன்றுக்கும் கூடாரமும் பாத்திரமும் ஏற்றிய லாரி முன்னதாகவே போய் இடம்பிடிக்கும். புணேயில் பல்லக்குகள் இரண்டு இரவு தங்குகின்றன. ஆரம்ப நாட்களிலேயே கால்களுக்கு ஒரு முழு ஓய்வு. பக்தியில் வார்க்கரிகள் யாருக்கும் குறைந்தவர்கள் என்று எவரும் சொல்லமாட்டார்கள்.

நம்மிடமே அந்த மரபு இருக்கிறது. எல்லோருக்கும் பரவவில்லை, அவ்வளவுதான். குன்றக்குடியிலிருந்து பழனிக்குப் போகும் நகரத்தார் காவடிக்கு எங்கே காவடி இறங்கும், எங்கே தங்கல் என்பது தலைமுறைகளாக வகுத்து வைத்த ஏற்பாடு. அதே சமூகத்தார் காசியில் 1863-இலேயே சத்திரம் கட்டியவர்கள். போகும் ஊரில் படுக்க இடம் வேண்டும் என்பதை வணிகர்கள் அறிந்திருந்தார்கள். எடப்பாடியிலிருந்து பழனிக்கு நடந்து வரும் பருவதராஜகுலத்தாருக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. மலைக்கோயிலில் இரவு தங்கும் உரிமை அவர்களுக்கு மட்டுமே. நடந்துவந்தவர்களுக்குத் தமிழ்நாட்டின் பெரிய கோயில் ஒன்று தரும் உயர்ந்த மரியாதை என்னவென்று பாருங்கள்: ஓர் இரவுத் தங்கல். சபரிமலைப் பெருவழியில் போகிறவர்கள் ‘விரி’ எனும் இரவுத் தங்கலை வைப்பது எப்படி என்று கன்னிச்சாமிக்கு முதலிலேயே சொல்லிக்கொடுப்பார்கள். எருமேலியிலிருந்து கிளம்பினால் இருட்டுமுன் எங்கே விரி என்று தெரியாமல் யாரும் காட்டுக்குள் கால் வைப்பதில்லை. இலங்கையில் யாழ்ப்பாணம் செல்வச்சந்நிதியில் தொடங்கிக் கதிர்காமம் போகும் பாதயாத்திரை, உகந்தை முருகன் கோயிலைத் தாண்டிக் குமண வனத்துக்குள் நுழைந்தபிறகு யானைக்காடு. அங்கே இரவில் நடப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. காட்டில் விலங்குக்குப் பயந்து தூங்குகிறோம். நெடுஞ்சாலையில் அதைவிட வேகமான விலங்குகள் ஓடும்போது விடிய விடிய நடக்கிறோம்.

ஸ்பெயினில் சாந்தியாகோவுக்கு நடப்பவர்கள் ‘அல்பெர்கே’ எனும் விடுதிகளில் தங்குகிறார்கள். யாத்திரை அட்டையில் முத்திரை இருந்தால்தான் அனுமதி. நடந்து வந்தவருக்கு முன்னுரிமை. பெரும்பாலும் ஓர் இரவுக்குத்தான் இடம். பத்து மணிக்கு விளக்கணைப்பு. அடுக்குக் கட்டில், பொதுக் கழிப்பறை, குறட்டைக்குக் காதடைப்பான், ஆடம்பரம் ஒன்றுமில்லை. அங்கே இதை நடத்துவதில் ஊராட்சிகள், தேவாலயங்கள், தனியார் எல்லோருக்கும் பங்கு உண்டு. நடப்பவர் தங்கினால் மறுநாள் காலை அந்த ஊரில் காபியும் ரொட்டியும் வாங்குவார் என்ற கணக்கும் இருக்கிறது. வேங்கிக்கால் கடைக்காரர்களுக்கு இந்தக் கணக்கு புரியாததல்ல.

தஞ்சை மராட்டியர்கள் ராமேசுவரம் பாதை நெடுகக் கட்டிய சத்திரங்களைப் பற்றி இரண்டாம் சரபோஜி 1801-இல் ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. எல்லாச் சாதி வழிப்போக்கருக்கும் சோறு, நோயாளிக்கு வைத்தியர், ஆதரவற்ற பிள்ளைகளுக்குப் படிப்பு என்று விரிவாகச் சொல்கிறார். அதில் ஒரு விவரம் சிரிப்பை வரவழைக்கும். நள்ளிரவில் மணியடித்து, அதுவரை சாப்பிடாதவர்கள் வந்து சாப்பிடலாம் என்று அறிவித்துச் சோறு போடுவார்களாம். நள்ளிரவானாலும் கூப்பிட்டாவது ஊட்டிவிட வேண்டும் என்ற இந்தத் தமிழ்நாட்டுத் தாய்மனசு அன்றும் அப்படித்தான் இருந்திருக்கிறது. ஆனால் அந்த மணி அடித்தது வழிப்போக்கர் தங்குவதற்கென்று கட்டிய சத்திரத்தில் என்பதைக் கவனிக்க வேண்டும். கூரையும் திண்ணையும் முதலில் இருந்தன. மணி பிறகு அடித்தது. நாம் மணியை மட்டும் வைத்துக்கொண்டோம். திண்ணைகள் கம்பிக் கதவுக்குள் போய்விட்டன. சத்திரங்கள் பல வணிக வளாகங்களாகிவிட்டன.

புதிதாக எதையும் கட்டச் சொல்லவில்லை. தீபத்தன்று திருவண்ணாமலை மாவட்டப் பள்ளிகளுக்கு உள்ளூர் விடுமுறை விடுவது வழக்கம். அன்றைய இரவு வகுப்பறைகள் காலிதான். முந்தைய இரவுகளில்கூட மாலை ஆறு முதல் காலை ஆறு வரை பள்ளிக்கூடத்துக்கு வேலையில்லை. வேலூர் சாலை, செஞ்சி சாலை, செங்கம் சாலை, திருக்கோவலூர் சாலை என்று ஒவ்வொரு திசையிலும் ஊருக்குப் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் முன்னால் ஒரு பள்ளியோ சமுதாயக்கூடமோ திறந்தால், கடைசி இரவை அங்கே உறங்கிவிட்டு விடியலில் ஊருக்குள் வருவார்கள். நள்ளிரவில் நகருக்குள் கூட்டம் சேருவதும் குறையும்; காவல்துறைக்கே அது லாபம். வேண்டியது பாய், விளக்கணைக்கும் நேரம், பெண்களுக்குத் தனி அறை, வெளிச்சம் உள்ள கழிப்பறை, காலையில் கூட்டிப் பெருக்குகிறவருக்கு முறையான கூலி. கடைசியாகச் சொன்னதுதான் எப்போதும் விட்டுப்போகும். பள்ளியைத் திறந்து கொடுத்த தலைமையாசிரியர் திங்கட்கிழமை காலை அசிங்கத்தைப் பார்த்துவிட்டு, அடுத்த வருடம் சாவியைக் காணோம் என்பார். அவரைக் குறை சொல்ல முடியாது. திறப்பவருக்குச் சுத்தம் செய்து ஒப்படைக்கும் உத்தரவாதம் இல்லாமல் எந்தக் கதவும் திறக்காது.

இன்னொன்று சத்தம். இரவு பத்து முதல் காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ஆம் ஆண்டின் ஒலிமாசு விதிகள் சொல்கின்றன. வருடத்தில் சில நாட்களுக்கு மட்டும், அதுவும் நள்ளிரவு வரைக்கும்தான், மாநில அரசு தளர்த்தலாம். பந்தலில் நள்ளிரவுக்குப் பின்னும் பக்திப்பாடல் அலறினால் அது விதியையும் மீறுகிறது, பத்தடி தூரத்தில் படுத்திருக்கும் பக்தரையும் வதைக்கிறது.

திருவண்ணாமலையில் திருவிழாக் காலத்தில் அன்னதானம் செய்ய விரும்புகிறவர்கள் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும்: எந்த இடம், என்ன உணவு, எத்தனை பேருக்கு என்று விண்ணப்பத்தில் எழுதித் தர வேண்டும். அந்தத் தாளில் இன்னும் ஒரு வரி சேர்க்க வேங்கிக்கால் அலுவலகத்துக்குப் பெரிய அரசாணை ஒன்றும் தேவைப்படாது. மண்டபமோ மாடியோ கொட்டகையோ வைத்திருப்பவர், இரவு ஒன்பது முதல் விடியற்காலை ஐந்து வரை எத்தனை பேர் படுக்க இடம் தர முடியும், கழிப்பறை உண்டா என்று அதில் நிரப்பட்டும். அந்தப் பட்டியலைச் சாலையோரக் காவலர்களிடமும் குருசாமிகளின் வாட்ஸ்அப் குழுக்களிலும் ஒரு வாரம் முன்னதாகக் கொடுத்துவிட்டால், இருபது பேரைக் கூட்டிக்கொண்டு வருகிறவருக்கு எங்கே படுக்கப்போகிறோம் என்பது போளூர் தாண்டும்போதே தெரிந்திருக்கும்.